கணுவும் கோணலுமான கம்பில் வில் செதுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். வளவில் நிற்கிற மரங்களை வைத்தே வில் செய்கிறேன். வில்லைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்தும் தொலைபேசியிலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் அவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மரத்துண்டை ஒட்டாமல், ஒரே கம்பில் செதுக்குகிற வில்லைப் பற்றி மட்டும்தான் இதில் பேசுகிறேன்.

நேரான கம்பு கிடைக்கவில்லை. வளைந்து, கணு விழுந்த கம்பில் வில் வருமா?

வரும். நேரான, கணுவில்லாத கம்பு கிடைத்தால் வேலை சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படியான மரம் எங்கள் பக்கம் நினைத்தவுடன் கிடைக்காது, கிடைத்தாலும் அது யாராவது பலகைக்காகப் பார்த்து வைத்திருக்கிற மரமாக இருக்கும். கோணல் கம்பு வேலியோரத்திலேயே நிற்கிறது. வில்லுக்குத் தேவை நேரான உருவம் இல்லை, நுனியில் இருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுகிற நார். ஒரு கம்பு பாம்பு மாதிரி நெளிந்திருந்தாலும் அதன் நார் அந்த நெளிவோடு சேர்ந்து நெளிந்து ஓடினால் அது நல்ல கம்பு. நேராகத் தெரிகிற ஒரு பலகைக்குள் நார் குறுக்கே ஓடினால் முதல் இழுவையிலேயே முறியும்.

இது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கொம்புமுறி விளையாடுவார்களே, வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, கொம்பைக் கொம்பில் கொழுவி ஊரே சேர்ந்து இழுக்கும். அந்தக் கொம்பை யாரும் பலகையில் அறுத்து எடுப்பதில்லை, இயல்பாகவே வளைந்து வளர்ந்ததைத்தான் தேடிப் போவார்கள். மரக்கலப்பைக்கும் அப்படித்தான் வளைந்த கட்டை பார்த்தார்கள்.

எந்த மரம் நல்லது?

என் கையில் அதிகம் பழகியது கொய்யா. பிள்ளைகள் கல்லடிக்கிற கெட்டப்போலுக்குக் கவர்க்கம்பு வெட்டுகிற அதே மரம்தான். இறுக்கமான, நார் பிடிப்பான மரம், தோல் மெல்லியது, உரித்தால் கீழே வழவழப்பான மேற்பரப்பு அப்படியே கிடைக்கும். ஆனால் கணு நிறைய, நேராக நாலடி ஓடுகிற கொய்யாவை நான் கண்டதே குறைவு. இந்தக் கேள்வி பதிலில் கணுவைப் பற்றி இவ்வளவு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சமண்டலை அருமையான மரம். ஆங்கிலத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். வண்டிக்கும் படகுக்கும் கருவிப் பிடிக்கும் அதைத் தேடியதே அது முறியாமல் வளைந்துகொடுப்பதற்காகத்தான். புளியின் கிளைக்கம்பும் வரும், ஆனால் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஓடுவதால் பிளப்பது கஷ்டம். தேக்கை நான் வில்லுக்கு எடுப்பதில்லை, அழகாக இருக்கும், நம்பி வளைக்க முடியாது.

உங்கள் வளவு மரம் என்றாலும் வெட்டுவதற்கு முன் கிராம சேவையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மரங்களுக்கு வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். வன இலாகாக் காட்டுக்குள் கத்தியோடு போகவே போகாதீர்கள்.

எப்போது வெட்ட வேண்டும்? எவ்வளவு காலம் காய வேண்டும்?

நான் மாரி ஓய்ந்த பிறகு, மாசி பங்குனி வாக்கில் வெட்டுவேன். வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் பெயின்டோ பசையோ தடித்துப் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் முனைவழியே ஈரம் வேகமாக வெளியேறிப் பிளவு உள்ளே ஏறிவிடும். மணிக்கட்டை விடத் தடித்த கம்பானால் ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்துவிடுங்கள். அப்புறம் வைகாசியில் இருந்து ஆவணிவரை அடிக்கிற கச்சான் காற்று இருக்கிறதே, உடம்பை உலர்த்துகிற அந்தக் காற்று கம்பை உலர்த்தவும் நல்லது. வெயிலில் போடாதீர்கள், நிழலில் காற்று படட்டும். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறோம், புகை படுகிற கம்பில் வண்டு விழுவது குறைவு.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றால், தராசில் வையுங்கள். முதல் நாள் நிறையைக் கம்பிலேயே பென்சிலால் எழுதிவிட்டு இரண்டு கிழமைக்கு ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றுவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்துக்குச் சமமாகக் கம்பு வந்துவிட்டது. கடலோரக் காற்றில் அதற்குக் கீழே போகாது. ஈரக் கம்பில் அவசரப்பட்டுச் செய்த வில் முறியாமல் இருக்கலாம், ஆனால் நாணைக் கழற்றிய பிறகும் கூன் விழுந்தபடியே நிற்கும்.

வில்லின் முதுகு, வயிறு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வில்லைப் பிடித்து நிற்கும்போது உங்களைப் பார்க்கிற பக்கம் வயிறு, அம்பு போகிற திசையைப் பார்க்கிற பக்கம் முதுகு. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு பாதியையும் கை என்கிறேன். இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. மரம் நசுங்குவதைப் பொறுக்கும், கொஞ்சம் கூன் விழும், அவ்வளவுதான். நீள்கிற பக்கத்தில் ஒரு நார் அறுந்தால் அந்த இடத்தில் இருந்தே வில் இரண்டாகும். அதனால் முதுகைச் சீவக்கூடாது. தோலையும் அதன் கீழ் இருக்கிற மென்பட்டையையும் மட்டும் மொட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குக் கீழே தெரிகிற மேற்பரப்பையே முதுகாக விடுங்கள். அது மேடும் பள்ளமுமாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். எவ்வளவு சீவல் இருந்தாலும் எல்லாம் வயிற்றுப் பக்கத்திலும் விளிம்பிலும்தான்.

கம்பு நெளிந்திருக்கிறது. கோடு எப்படிப் போடுவது?

நூல் பிடித்து நேர்க்கோடு போடாதீர்கள். என் முதல் வில்லை நான் அப்படித்தான் கெடுத்தேன். கொய்யாக் கம்புதான், ஆறு மாதம் பார்த்துப் பார்த்துக் காயவைத்தது. ஓடாவி பலகைக்கு நூல் போடுகிற மாதிரி சுண்ணாம்பு நூலைத் தட்டி, அந்தக் கோட்டோடு இரண்டு விளிம்பையும் நேராக அறுத்துவிட்டேன். பார்க்கக் கடையில் வாங்கின மாதிரி இருந்தது. கீழ்க்கையில் ஒரு கணுவுக்குப் பக்கத்தில் நார் வெளியே வளைந்து போகிறது, என் வாள் அதை அறுத்துக்கொண்டு நேராகப் போயிருக்கிறது. இருபது அங்குலம் இழுத்தபோது அந்த அறுபட்ட நார் விளிம்பில் இருந்து ஈர்க்கு மாதிரி எழும்பியது, அடுத்த இழுவையில் போய்விட்டது. ஆறு மாதக் காத்திருப்பு ஒரு சத்தத்தில் முடிந்தது.

சரி, எப்படிப் போடுவது? தோலை உரித்த கம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நார் ஓடுகிற திசை தெரியும். காயும்போது விழுந்த மயிரிழை வெடிப்புகள் இருந்தால் இன்னும் நல்லது, வெடிப்பு எப்போதும் நாரோடுதான் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே பென்சிலை மெதுவாக நகர்த்தி நடுக்கோட்டை வரையுங்கள். கம்பு நெளிந்தால் கோடும் நெளியட்டும். அப்புறம் அந்த நடுக்கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் சம அளவு எடுத்து விளிம்பைப் புள்ளி வையுங்கள். கடைசியில் இரண்டு நுனிக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். அந்த நூல் பிடியின் மேலாக எங்காவது போனால் போதும், நடுவில் கைகள் இரண்டும் எப்படி நெளிந்தாலும் பரவாயில்லை.

கணுவை என்ன செய்ய வேண்டும்? வெட்டி எடுத்துவிடலாமா?

நல்ல கணுவை வெட்டாதீர்கள். கணு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: அங்கே ஒரு காலத்தில் ஒரு கிளை இருந்தது. தண்டின் நார் அந்தக் கிளையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. வாவியில் மீன்கட்டுக்கு ஊன்றிய கம்பைச் சுற்றி நீரோட்டம் இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் சேருமே, அப்படி. கணுவை மட்டமாகச் சீவினால் சுற்றி வருகிற அந்த நார்களையெல்லாம் ஒரேயடியாக அறுத்துவிடுகிறீர்கள்.

முதுகில் கணு மேடாக நின்றால் அந்த மேட்டை அப்படியே விடுங்கள். கணுவுக்கு நேரே விளிம்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி, வீங்கின மாதிரி அகலமாக விட வேண்டும். கணுவின் அகலம் எவ்வளவோ அதைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல நாரைச் சேர்த்துப் பார்த்தால் வில்லின் வழமையான அகலம் வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. தடிப்பும் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், ஆனால் அளவுக்கு மிஞ்சி விடாதீர்கள். அந்த இடம் வளையவே மறுத்தால் பாரம் முழுக்க அதன் இரு ஓரத்திலும் விழும், முறிவு கணுவில் வராமல் கணுவுக்கு ஓர் அங்குலம் தள்ளி வரும்.

கணு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிடியில் இருந்தால் கவலையே இல்லை, அங்கே வளைவதில்லை. நுனியோரத்தில் இருந்தாலும் பயமில்லை. கையின் நடுப்பகுதிதான் அதிகம் வளைகிறது, அங்கே பெரிய கணு விழுந்தால் கோட்டை நகர்த்தியோ கம்பை மேலே கீழே தள்ளியோ அதைப் பிடிக்குள் கொண்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். மோசமானது விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற கணு. அப்படியானால் கோட்டை மாற்றி, கணுவை முழுதாக உள்ளே எடுங்கள், அல்லது முழுதாக வெளியே விடுங்கள்.

செத்த கணு வேறு. கறுத்து, நகத்தால் குத்தினால் தூளாக உதிரும். அந்தத் தூளை ஆணியால் சுரண்டி எடுங்கள், நல்ல மரம் வந்ததும் நிறுத்துங்கள். வெறும் துளையாக விட்டாலும் வில் நிற்கும், சுற்றி ஓடுகிற நார் அறுபடாமல் இருந்தால் போதும். மரத்தூளும் எப்பொக்சியும் குழைத்து அடைக்கலாம், ஆனால் அது தண்ணீர் புகாமல் இருப்பதற்குத்தான், பலம் தராது. விரல் நுழைகிற அளவு அழுகியிருந்தால் அந்தக் கம்பை மண்வெட்டிப் பிடிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நீளம், அகலம், தடிப்பு?

கணுக் கம்பில் முதல் வில் செய்கிறீர்கள் என்றால் உங்கள் உயரத்துக்குக் குறையாமல் செய்யுங்கள். அறுபத்தாறு அங்குலம், அதாவது ஐந்தரை அடி, நல்ல அளவு. நீளம் கூடக்கூட ஒவ்வொரு அங்குல மரமும் படுகிற பாடு குறையும். நடுக்கையில் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம், நுனியில் அரை அங்குலம். தடிப்பை எழுத மாட்டேன், அது மரத்துக்கு மரம் மாறும், கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். தடிப்பைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகும். 20 மில்லிமீற்றர் தடித்த கையை 18 ஆக்கினால் கால்வாசிக்கு மேல் விறைப்பு போய்விடும், 40 இறாத்தல் வில், அதாவது முழுதாக இழுக்க 40 இறாத்தல் விசை வேண்டிய வில், 29 இறாத்தல் ஆகிவிடும். இரண்டு மில்லிமீற்றர் என்பது சீவுளியை நாலைந்து தரம் அழுத்தி இழுக்கிற வேலை. கடைசிக் கட்டத்தில் சீவுளியை வைத்துவிட்டு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டச் சொல்வது இதனால்தான்.

நூல் கட்டிப் பார்த்தேன், பிடியை விட்டு வெளியே போகிறது. கம்பு வீணா?

இல்லை, சூடு காட்டித் திருப்பலாம். பச்சைக் கம்பானால் ஆவி நல்லது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, பிட்டு அவிக்கிற மாதிரி வாயைத் துணியால் சுற்றி, திருப்ப வேண்டிய இடம் மட்டும் ஆவியில் இருக்கும்படி வையுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம். காய்ந்த கம்பானால் சிரட்டைக் கரித் தணலுக்கு மேலே அரை அடி உயரத்தில் பிடித்து, தேங்காய் எண்ணெய் தடவித் தடவிச் சூடாக்குங்கள், எண்ணெய் கருகாமல் காக்கும். கை வைக்க முடியாத சூடு உள்ளே வரை இறங்க இருபது நிமிடமாவது எடுக்கும். அப்புறம் பலகையில் வைத்து, வேண்டியதை விடக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி இறுக்கிக் கட்டிவிட்டு, அடுத்த நாள் வரை தொடாதீர்கள். கணு இருக்கிற இடத்தில் மட்டும் வளைக்க வேண்டாம், கணுவுக்கு மேலோ கீழோ தள்ளி வளையுங்கள். சூடு காட்டிய கம்பு ஈரம் இழந்து முறுகலாக இருக்கும், ஒரு கிழமை விட்டுத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, வளைவு ஒரே மாதிரி வரவே இல்ல. எங்க சீவுறது?"

கோணல் வில்லில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. நேர்க் கம்பில் செய்த வில்லை இழுத்தால் பிறை மாதிரி ஒழுங்கான வளைவு வரும், அதைப் பார்த்து விறைப்பான இடத்தில் சீவலாம். கோணல் கம்பில் அந்தப் பிறையைத் தேடினால் வில்லைக் கொன்றுவிடுவீர்கள். கையில் முதுகுப் பக்கமாகத் திரும்பி வளர்ந்த ஓர் இடம் இருந்தால், அது சரியாக வளையும்போதுகூட நேராகத்தான் தெரியும், விறைப்பு என்று நினைத்துச் சீவிவிடுவோம். வயிற்றுப் பக்கமாக ஏற்கெனவே வளைந்த இடம் இருந்தால், அது கொஞ்சம் வளைந்தாலும் மடிந்துபோன மாதிரி தெரியும், பயந்து அதை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் மெலித்துவிடுவோம்.

நான் செய்வது இதுதான். வீட்டுப் பின்சுவரில் ஒரு கட்டை அடித்து அதில் வில்லின் பிடியைக் கிடையாகக் கட்டுவேன். நாண் போடாமல், இழுக்காமல், வில் சும்மா இருக்கும்போது அதன் முதுகோரத்தை அப்படியே சுவரில் கரியால் வரைந்துவிடுவேன், கணு மேடு உட்பட. அப்புறம் நீளமான கயிறு போட்டு, கீழே ஒரு கப்பி வைத்து, தள்ளி நின்று ஐந்து அங்குலம் இழுத்துப் பார்ப்பேன். பார்க்க வேண்டியது வில்லின் உருவத்தை இல்லை, அந்தக் கரிக்கோட்டில் இருந்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை. கோடு நெளிந்த இடத்தில் வில்லும் அதே நெளிவை வைத்துக்கொண்டே சாய வேண்டும். கைப்பேசி இருந்தால் இழுக்காமல் ஒரு படம், இழுத்து ஒரு படம் எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள், கண் ஏமாறுவது குறையும்.

கண்ணோடு விரலும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வயிற்றிலும் ஆள்காட்டி விரலை முதுகிலும் வைத்துப் பிடியில் இருந்து நுனிவரை வழுக்கிப் போங்கள். தடிப்பு படிப்படியாகக் குறைய வேண்டும், திடீரென்று கூடுகிற இடமும் குறைகிற இடமும் விரலுக்கு உடனே தெரியும். கணு மேட்டில் முதுகு ஏறும்போது வயிறும் கூடவே அதே பக்கமாக ஏறி வர வேண்டும், வயிற்றை மட்டமாகச் சீவி வைத்திருந்தால் அங்கே தடித்துப்போய் நிற்கும்.

ஒவ்வொரு தரம் சீவிய பிறகும் முப்பது தரம் மெதுவாக இழுத்து விடுங்கள். நீங்கள் எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது, இழுத்துப் பழகிய பிறகுதான் தெரியும். 30 இறாத்தல் வில் வேண்டுமானால் இழுக்கிற கயிற்றில் மாட்டிய தராசு 30 காட்டுகிற இடத்தைத் தாண்டி ஒருபோதும் இழுக்காதீர்கள், அது பத்து அங்குலத்திலேயே வந்தாலும் சரி. நிறுத்திவிட்டுச் சீவுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் மடிகிறது. என்ன செய்யலாம்?

அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, இனி அதைத் தொடாதீர்கள். மற்ற இடங்களில் சமமாகச் சுரண்டி, அவை அதன் அளவுக்கு வரும்வரை பொறுமையாக இறக்குங்கள். வில்லின் பலம் குறையும், 35 நினைத்தது 25 ஆகும், ஆனால் வில் மிஞ்சும். வயிற்றில் குறுக்கே மயிரிழை மாதிரிச் சுருக்கம் தெரிந்தால் அங்கே நார் நசுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதுகில் நார் எழும்பினால் உடனே நிறுத்திப் பசை விட்டு, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் காயவிடுங்கள். எழும்பியது கணுவோரத்தில் என்றால் அந்த வில்லை நான் திரும்ப இழுக்க மாட்டேன். இழுத்துப் பார்க்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நாணுக்குத் தங்கூசி போடலாமா?

வேண்டாம். மீன்பிடிக்கிற தங்கூசியும் நைலோன் கயிறும் இழுபட்டு நீளும், அம்புக்குப் போக வேண்டிய விசை நாணிலேயே போய்விடும். தோல் தைக்கிற பொலியெஸ்டர் நூல் நல்லது. வில்லின் பலத்தைப் போல நாலு மடங்காவது நாண் தாங்க வேண்டும், அந்தக் கணக்கில் இழைகளைச் சேர்த்துக் கயிறு திரிக்கிற மாதிரித் திரித்துத் தேன்மெழுகு பூசுங்கள். பழைய முறையில் செய்ய ஆசை என்றால் மரல் செடி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இலங்கை வில்நாண் சணல் என்று பொருள்படுகிற பெயரே உண்டு. இலையைப் பலகையில் வைத்து மொட்டைக் கத்தியால் வழித்தால் வெள்ளை வெளேரென்று நார் வரும். நான் ஒரு நாண் திரித்தேன், விரல் கொப்பளித்தது, ஆனால் விடும்போது கேட்கிற அந்தச் சத்தம் பொலியெஸ்டரில் இல்லை.

வாகரைப் பக்கத்து வேடர்கள் எப்படிச் செய்தார்கள்?

வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணிப் பக்கம் இருக்கிற கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். வேடர் வில் மிக எளியது: நீளமான காட்டுக் கம்பு, தோல் உரித்து, இரண்டு நுனியையும் மெலித்து, மரப்பட்டை நாரில் நாண். பலகை மாதிரித் தட்டையாக்காமல் கம்பின் உருண்டையை அப்படியே விட்ட வில். நார் அறுபடாது, நீளம் காப்பாற்றும். கணுக் கம்பு பழகுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கூத்துக்கும் கோயிலுக்கும் வில் செய்து தருவீர்களா?

தருவேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் வனவாசமும் அருச்சுனன் தவமும் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்டு வருகிறார்கள், வடமோடிக் கூத்தாடுகிறவர்களும் கேட்கிறார்கள். ஆட்டத்துக்கான வில்லுக்கு இழுவை வேண்டாம், எடை குறைவாக இருந்தால் போதும். உண்மையான வில்லை மேடையில் கொடுக்க மாட்டேன். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும், ஆடுகிறவர் ஆவேசத்தில் பத்துத் தரம் விடுவார், கணுவோரம் திறந்துவிடும்.

இதைக் கொண்டு வேட்டைக்குப் போகலாமா?

கூடாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வில் என்பதால் விலக்கு இல்லை. வைக்கோல் கட்டை இறுக்கி அடுக்கி, பின்னால் மண்மேடோ சுவரோ இருக்கிற இடத்தில் எய்யுங்கள்.

மாரி காலத்தில் வில்லை எப்படி வைப்பது?

ஐப்பசி பிறந்ததும் என் வில்களுக்கு நான் செய்கிற வேலை இது. நாணைக் கழற்றுவேன். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயாமல் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு தரம் தேய்த்துக் காயவிட்டு, அதற்கு மேலே தேன்மெழுகு, முக்கியமாகக் கணு மேட்டிலும் நுனியில் நாண் மாட்டுகிற குதை வெட்டிலும், ஈரம் முதலில் புகுவது அங்கேதான். சுவரில் சாய்க்காமல் இரண்டு ஆணியில் கிடையாக வைப்பேன். தை பிறந்து இரண்டு கிழமை வெயில் கண்ட பிறகு இறக்கி, தராசில் வைத்து, கச்சான் காலத்தில் எழுதிய நிறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கூடியிருந்தால் திரும்ப அடுப்புப் பரணுக்குப் போகும்.